முதலெழுத்தை இழந்த விளையாட்டு



ஒரு தாய் இப்பகுதிக்கு எழுதிய கடிதம் சில வாரங்களாக என் மேசையிற் கிடக்கின்றது. அவருடைய பன்னிரண்டு வயது மகன், கைத்தொலைபேசியில் ஆடும் ஒரு விளையாட்டுக்குள் 'நாணயங்கள்' வாங்குவதற்காகத் தந்தையின் கடனட்டையிலிருந்து முந்நூறு டொலருக்கு மேல் செலவழித்துவிட்டான். இரவு வேலை முடிந்து வந்து கணக்கைப் பார்த்த தந்தை, தொலைபேசியைப் பறித்ததோடு நிற்கவில்லை. வீட்டிலிருந்த கணனியையும் பழைய படுக்கை விரிப்பினாற் சுற்றி அலுமாரியின் மேல் ஏற்றிவிட்டார். இனி இந்த வீட்டில் விளையாட்டு என்ற சொல்லே எழக்கூடாது என்பது அவருடைய கட்டளை. மகன் இப்போது தந்தையோடு பேசுவதில்லை. "அவர் செய்தது சரியா, பிழையா என்று நீங்கள் சொன்னால் கேட்பார்" என்று அந்தத் தாய் முடித்திருக்கிறார்.

பதில் எழுதக் கை வராமைக்குக் காரணம் உண்டு. ஏறக்குறைய அதே காரியத்தை நானும் ஒருமுறை செய்தவன்.

1993 ஆம் ஆண்டின் பனிக்காலம். ஸ்காபரோவில் ஒரு மாடிக் குடியிருப்பின் ஒன்பதாம் தளத்தில் நாங்கள் இருந்தோம். சீட்டு எடுத்த பணத்தில் எண்ணூறு டொலர் கொடுத்து ஒரு பழைய கணனியை வாங்கினேன். மகனுக்குப் பதினொரு வயது. ஊரில் உயர்தர வகுப்புக்குப் பிரயோக கணிதம் படிப்பித்த நான் அக்காலத்தில் ஓர் உணவகத்தின் பின்கட்டில் கோப்பை கழுவிக்கொண்டிருந்தேன். நான் விட்ட இடத்திலிருந்து அவன் தொடங்க வேண்டும் என்பதே அந்த எண்ணூறு டொலரின் பொருள். நம்மவர் வீடுகளில் வாங்கப்பட்ட கணனிகள் பலவற்றின் பொருளும் அதுவே.

அந்தக் கணனியில் மைக்ரோசொவ்ற் நிறுவனத்தின் டொஸ் இயக்க முறைமையின் ஐந்தாம் பதிப்பு இருந்தது. 1991 ஆம் ஆண்டு யூன் மாதத்தில் வெளிவந்த பதிப்பு அது. அதனோடு கியூபேசிக் என்னும் எளிய கணனி மொழி இலவசமாக வந்தது. அந்த மொழியில் என்ன செய்யலாம் எனக் காட்டுவதற்குச் சில மாதிரி நிரல்களையும் சேர்த்திருந்தார்கள். ஒன்று வீட்டு வரவு செலவுக் கணக்கு எழுதுவது. அதை எங்கள் வீட்டில் ஒருவரும் திறந்ததில்லை, வரவு என்று எழுத அதிகம் இருக்கவுமில்லை. வேறு இரண்டு விளையாட்டுக்கள். நிபிள்ஸ் என்பது பாம்பு விளையாட்டு. திரையில் 1 முதல் 9 வரை ஒவ்வோர் எண்ணாகத் தோன்றும். பாம்பு அதைத் தின்னத் தின்ன நீளும், சுவரிலோ தன் உடலிலோ முட்டினால் இறக்கும். அந்தப் பாம்பும் சுவரும் படங்கள் அல்ல. எழுத்துத் திரையில் வண்ணக் கட்டங்களை அச்சிட்டே அந்த ஆட்டம் முழுவதும் நடக்கும். கொறில்லா என்பது மற்றது. நகரத்துக் கட்டடங்களின் உச்சியில் இரண்டு கொறில்லாக்கள் நின்று வெடிக்கும் வாழைப்பழங்களை ஒன்றையொன்று நோக்கி எறியும். எறியும் கோணத்தையும் வேகத்தையும் ஆடுபவர் எண்களாகத் தட்டெழுத வேண்டும். பழம் மேலே நிற்கும் சூரியனிற் பட்டால் சூரியன் வாயைப் பிளந்து வியக்கும்.

என் மனைவிக்கு இந்த இரண்டாவது விளையாட்டைக் கண்ணிற் காட்டக்கூடாது. "குண்டு விழுற ஊரிலையிருந்து ஓடி வந்து, இஞ்சையும் கட்டடம் உடைக்கிற விளையாட்டோ?" என்பார். அவர் சொன்னதில் நியாயம் இல்லையென்று நான் இன்றும் சொல்லமாட்டேன்.

ஒரு நாள் அதிகாலை இரண்டு மணிக்கு வேலையால் வந்தேன். மகன் விளக்கை அணைத்துவிட்டுத் திரையின் முன் இருந்தான். மறுநாள் அவனுக்குப் பாடசாலையிற் பரீட்சை. நான் ஒன்றும் பேசவில்லை. அவனை எழுப்பிவிட்டு அக்கதிரையில் அமர்ந்தேன். கணனியில் எனக்குத் தெரிந்த கட்டளைகள் நான்கைந்துதான். அவற்றுள் ஒன்று அழிக்கும் கட்டளை. அவன் பார்த்துக்கொண்டு நிற்கவே கொறில்லாவை அழித்தேன். அவன் அழவில்லை, போய்ப் படுத்துவிட்டான்.

அடுத்த நாள் மாலை நான் எழுந்தபோது கொறில்லாக்கள் மீண்டும் கட்டடங்களின் மேல் நின்றன.

நண்பனிடமிருந்து நெகிழ்தட்டிற் கொண்டு வந்துவிட்டான் என்றே முதலில் எண்ணினேன். அவன் செய்தது வேறு. கணனியோடு வந்த தடித்த ஆங்கிலக் கைந்நூலைப் பரீட்சை முடிந்து வந்து படித்திருக்கிறான். டொஸ் ஒரு கோப்பை அழிக்கும்போது அதன் உள்ளடக்கத்தை உடனே துடைப்பதில்லை. பட்டியலில் உள்ள பெயரின் முதலெழுத்தை மாத்திரம் நீக்கி, அந்த இடம் வெறுமை எனக் குறித்துக்கொள்கிறது. அவ்விடத்தில் வேறொன்று எழுதப்படும்வரை கோப்பு அங்கேயே கிடக்கும். அழித்ததை மீட்கும் கட்டளையொன்று ஐந்தாம் பதிப்பிற் புதிதாக வந்திருந்தது. அக்கட்டளையைக் கொடுத்தால், பெயரின் தொடக்கத்தில் ஒரு கேள்விக்குறியைக் காட்டி, முதலெழுத்து என்னவென்று கேட்கும். அவன் 'ஜி' என்று ஒரு விசையை அழுத்தியிருக்கிறான். அவ்வளவுதான்.

பாடப் புத்தகத்தில் ஒரு பக்கம் படிக்கச் சொன்னால் பத்துச் சாட்டுச் சொல்லும் பையன், குரங்கு விளையாட்டுக்காகக் கைந்நூலில் அந்த அதிகாரத்தைத் தேடிப் பிடித்துப் படித்து விளங்கியிருந்தான். ஏசுவதற்கு வாயைத் திறந்த நான் அவனுக்குப் பக்கத்தில் ஒரு ஸ்ரூலை இழுத்துப் போட்டு இருந்துவிட்டேன்.

ஆட்டம் தொடங்குமுன் அந்த விளையாட்டுச் சில கேள்விகள் கேட்கும். ஆடுபவர் பெயர் என்ன, எத்தனை புள்ளிவரை ஆடுவது என்பன முதலில் வரும். கடைசிக் கேள்வி புவியீர்ப்பு எவ்வளவு என்பது. பூமிக்கு 9.8 என்று அடைப்புக்குறிக்குள் குறிப்பும் இருக்கும். மகன் வழக்கமாக அந்தக் கேள்வியை ஒன்றும் எழுதாமற் கடந்து போவான். அன்று என்னைப் பார்த்து, "அப்பா, கிரவிற்றி எண்டால் என்ன? அதென்ன ஒன்பது தசம் எட்டு?" என்று கேட்டான்.

வாசகர்களே, இந்நாட்டுக்கு வந்து நான்கு ஆண்டுகளில், என் மகன் என்னிடம் எனக்கு விடை தெரிந்த கேள்வியொன்றைக் கேட்டது அதுவே முதற்றடவை. அதுவரை கடிதங்களை வாசித்துச் சொல்பவன் அவன். தொலைபேசியில் வீட்டு முகாமையாளரோடு பேசுபவனும் அவனே. வைத்தியரிடம் தாயின் வருத்தத்தை எடுத்துச் சொன்னதும் அவன்தான். பிள்ளைகளை மொழிபெயர்ப்பாளராக வைத்துக்கொண்டு பெற்றோராக இருப்பது எப்படிப்பட்ட நிலை என்பதை இந்தப் பத்திரிகையின் வாசகர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

முதலில் ஒரு பிழையைச் சுட்டிக்காட்டினேன். அந்தக் கேள்வியில் அலகைச் 'செக்கனுக்கு மீற்றர்' என்று எழுதியிருந்தார்கள். அது வேகத்தின் அலகு. ஆர்முடுகலின் அலகு செக்கன் வர்க்கத்துக்கு மீற்றர். இவ்வளவு பெரிய நிறுவனம் உலகெங்கும் அனுப்பிய நிரலில், எங்கள் ஊர் ரியூட்டரியில் எந்த மாணவன் எழுதினாலும் அரைப் புள்ளி வெட்டப்படும் பிழை! மகனுக்கு அதில் வந்த மகிழ்ச்சியைச் சொல்லி முடியாது. பிறகு 1.6 என்று எழுதச் சொன்னேன். அது சந்திரனின் ஈர்ப்பு. வழக்கமான வேகத்தில் எறிந்த பழம் திரையை விட்டு எங்கோ போய்விட்டது. அடுத்ததாக 24.8 என்று எழுதினோம். அது வியாழனின் ஈர்ப்பு. பழம் மூன்றாவது கட்டடத்தைக்கூடத் தாண்டவில்லை.

ஒரு கொப்பியை எடுத்துப் பரவளைவை வரைந்து காட்டினேன். வேகத்தைக் கிடைக்கூறாகவும் நிலைக்குத்துக்கூறாகவும் பிரித்தேன். காற்றில்லாதபோது ஒரே மட்டத்திலுள்ள இலக்கை 45 பாகையில் எறிந்தால் ஆகக் குறைந்த வேகத்தில் அடையலாம். 30 பாகையும் 60 பாகையும் ஒரே இடத்தில் விழுத்தும், ஆனால் இடையில் உயர்ந்த கட்டடம் நின்றால் 60 தான் உதவும். எட்டு ஆண்டுகள் ஓலைக் கொட்டிலில் வெண்கட்டி பிடித்துச் சொல்லிக்கொடுத்த பாடம் அது. அக்காலத்தில் உதாரணத்துக்குத் துடுப்பாட்டப் பந்தைச் சொல்வேன். கோட்டையிலிருந்து வரும் ஷெல்லும் அதே வளைவில்தான் வருகிறது என்பதை மாணவர்களுக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

இவ்வளவும் எந்த விளையாட்டிலும் நடக்கக்கூடியதே எனலாம். அடுத்து நடந்தது அப்படியன்று. கொறில்லா விளையாட்டின் உட்பகுதி பூட்டப்பட்டிருக்கவில்லை. அது வெறும் எழுத்து. விளையாட்டைத் திறந்தால் முதலில் தெரிவது அதன் நிரலே. மேலே ஆங்கிலத்தில் ஒரு முன்குறிப்பு இருக்கும். விளையாடுவதற்கு எந்த விசையை அழுத்துவது, வெளியேறுவது எப்படி, ஆட்டத்தின் வேகம் உங்கள் கணனிக்குப் பொருந்தாவிட்டால் கீழே எந்த வரியில் எந்த எண்ணை மாற்றுவது என்றெல்லாம் எழுதியிருப்பார்கள். ஒரு சொல்லின் மேல் நின்று உதவி விசையை அழுத்தினால் அச்சொல்லின் பொருளும் பயனும் திரையில் வரும். நாங்கள் இருவரும் பழம் பறக்கும் பகுதியைத் தேடினோம். கண்டுபிடிக்க அரை மணித்தியாலம் சென்றது.

அங்கே இருந்தது என்னுடைய பாடம். கோணத்தை ஆரையனாக மாற்றும் வரி ஒன்று. கோசைனால் பெருக்கிக் கிடை வேகம், சைனால் பெருக்கி நிலைக்குத்து வேகம். அதன் பின், தொடக்க வேகத்தை நேரத்தாற் பெருக்கி, ஆர்முடுகலின் அரைவாசியை நேரத்தின் வர்க்கத்தாற் பெருக்கிக் கூட்டும் அந்தப் பழைய சமன்பாடு. காற்றையும் ஒரு கிடை ஆர்முடுகலாகவே எடுத்து, ஐந்தால் வகுத்துச் சேர்த்திருந்தார்கள். ஏன் ஐந்து என்று மகன் கேட்டான். ஆட்டம் நன்றாக அமைவதற்காக இருக்கலாம் என்றேன். ஐந்தை ஒன்றாக்கிப் பார்த்தான். பழங்கள் எல்லாம் புயலில் அகப்பட்ட காகிதம்போல ஒரு பக்கமாக அள்ளுண்டு போயின. சிரிப்புச் சத்தம் கேட்டு மனைவி அறையிலிருந்து வந்து, இரண்டு பேரையும் ஒருமுறை பார்த்துவிட்டுத் திரும்பிப் போய்விட்டார்.

நிபிள்ஸ் விளையாட்டில் பாம்புக்கு ஐந்து உயிர். அந்த ஐந்து எங்கே எழுதப்பட்டிருக்கிறது என்பதை அவன் தானாகவே கண்டுபிடித்து ஐம்பது ஆக்கியது அதற்கு அடுத்த கிழமை.

இப்படியான விளையாட்டுக்களை இயக்க முறைமையோடு சேர்த்துக் கொடுக்கும் வழக்கம் எப்படி வந்தது? நல்லெண்ணத்தால் மாத்திரம் வந்தது என்று எண்ணிவிடக் கூடாது. 1981 ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதத்தில் ஐ.பி.எம் நிறுவனம் தன் முதலாவது தனியாள் கணனியை வெளியிட்டபோது, அதன் டொஸ் தட்டில் 'டொங்கி' என்னும் ஒரு விளையாட்டு இருந்தது. வீதியிற் போகும் காரின் எதிரே கழுதைகள் வரும். ஒரு விசையை அழுத்தி மற்றப் பக்கத்துக்கு விலக வேண்டும். அதை எழுதியவர்கள் பில் கேற்சும் நீல் கொன்சன் என்னும் இளைஞரும். கணனியைப் பற்றிய செய்தி வெளியே போகாதிருக்கப் பூட்டுள்ள அறையில்தான் வேலை செய்ய வேண்டும் என ஐ.பி.எம் வற்புறுத்தியதால், பூட்டு இருந்த ஒரு சிறு பொருளறைக்குள் இருந்து அதிகாலை நான்கு மணிக்கு அதை எழுதியதாகக் கேற்ஸ் பின்னர் கூறியிருக்கிறார். பேசிக் மொழியால் நிறமும் ஒலியும் காட்டலாம் என விளம்பரப்படுத்துவதே நோக்கம். உண்மையைச் சொன்னால், விளையாட்டாக அது மிகச் சாதாரணம். ஆனால் அதுவும் திறந்தே கிடந்தது.

பல்கலைக்கழகங்களில் இவ்வழக்கம் இன்னும் முந்தியது. கலிபோர்ணியாவின் பேர்க்ளிப் பல்கலைக்கழகத்திலிருந்து வெளிவந்த யூனிக்ஸ் முறைமையில் விளையாட்டுக்களுக்கென்றே ஓர் அடைவு இருந்தது. அங்கே 1983 ஆம் ஆண்டுப் பதிப்போடு வந்த 'றோக்' என்னும் விளையாட்டில் படம் என்று ஒன்றுமில்லை. வீரன் ஒரு குறியீடு. அவனை எதிர்க்கும் அரக்கர்கள் ஆங்கில நெடுங்கணக்கின் 26 பெரிய எழுத்துக்கள். எழுத்தைக் கண்டு மனம் தானே அரக்கனை வரைந்துகொள்ள வேண்டும்.

அவற்றுள் என் மனதைத் தொடுவது 'அட்வென்ச்சர்' என்னும் குகை விளையாட்டின் கதை. வில் குறோதர் என்பவர் அமெரிக்காவில் ஆர்பாநெற் வலையமைப்பை உருவாக்கியவர்களில் ஒருவர். இன்றைய இணையத்துக்கு முன்னோடி அந்த வலையமைப்பே. குகைகளில் இறங்கி ஆராய்வது அவருடைய பொழுதுபோக்கு. மணமுறிவினால் பிள்ளைகளைப் பிரிந்திருந்த காலத்தில், தம்மைப் பார்க்க வரும் இரண்டு பெண் பிள்ளைகளும் விரும்பி ஆடக்கூடிய ஒன்றை உருவாக்க நினைத்தார். கென்ரக்கி மாநிலத்தில் தாம் நடந்து அளந்த குகையைச் சொற்களால் எழுதி வைத்தார். இது 1970களின் நடுப்பகுதி. 1977 இல் டொன் வூட்ஸ் அதை விரித்து எழுதினார். ஆடுபவர் இரண்டு சொற்களாற் கட்டளையிட வேண்டும், ஒரு வினை, ஒரு பெயர். விளக்கை எடு, கதவைத் திற. கணனி ஒரு பந்தியில் என்ன நடந்தது என்று பதில் எழுதும். வாசிக்கத் தெரியாதவருக்கு அங்கே வழியில்லை. பின்னர் அந்த விளையாட்டும் பேர்க்ளி யூனிக்சின் விளையாட்டு அடைவிற் போய்ச் சேர்ந்தது.

இந்தப் பழங்கதை எதற்கு என்று அந்தத் தாயின் கணவர் கேட்கலாம். அவருடைய மகன் ஆடிய விளையாட்டைத் திறந்து பார்க்க முடியாது. அதன் எண்கள் எங்கோ தொலைவில் இருக்கும் கணனியிற் பாதுகாக்கப்படுகின்றன. ஐந்து உயிரை ஐம்பது ஆக்க வேண்டுமானால் ஒரே வழி பணம். எப்போது சலிப்பு வரும், எந்த இடத்தில் பணம் கேட்டால் கொடுப்பான் என்று கணக்கிட்டு எழுதிய நிரலுக்கு எதிரே ஒரு பன்னிரண்டு வயதுப் பையனைத் தனியே இருத்தியிருக்கிறோம். பெற்றோர் இருவரும் வேலையில். அவனை மாத்திரம் குற்றவாளியாக்குவது நியாயமாக எனக்குப் படவில்லை. விண்டோசோடு 1990 முதல் இலவசமாக வந்த சீட்டுக்கட்டு விளையாட்டுக்கூட 2012 ஆம் ஆண்டுப் பதிப்பில் நீக்கப்பட்டு, 2015 இல் விளம்பரங்களோடு திரும்பி வந்தது. விளம்பரம் வேண்டாம் என்றால் சந்தா கட்ட வேண்டும்.

அக்காலத்தை வானளாவப் புகழவும் நான் விரும்பவில்லை. கொறில்லா ஆடியவர்கள் எல்லோரும் கணனி நிபுணரானார்கள் என்று சிலர் எழுதுவதைப் பார்க்கிறேன். எங்கள் குடியிருப்பில் அதை ஆடிய ஐந்து பையன்களில் ஒருவன்தான் அத்துறைக்குப் போனான். ஒருவன் பாரவூர்தி ஓட்டுகிறான். என் மகன் பேருந்துகளின் மின்னிணைப்புத் திருத்துகிறான். பரீட்சைக்கு முதல் நாள் இரவு இரண்டு மணிவரை ஆடியது பிழை என்பதில் எனக்கு இன்றும் மாற்றமில்லை. அந்தப் பரீட்சையில் அவனுக்குக் கிடைத்த புள்ளியை இங்கு எழுதினால் அவன் வருத்தப்படுவான்.

எனவே அந்தத் தந்தைக்கு என் விடை இது. கடனட்டையை மறைத்து வைத்தது சரி. தொலைபேசியைச் சில காலம் வாங்கி வைத்ததும் சரி. கணனியை அலுமாரியிலிருந்து இறக்குங்கள். பைதன் என்னும் மொழியை இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். அதனோடு 'ரேர்ட்டில் டெமோ' என்னும் மாதிரித் தொகுதி சேர்ந்தே வருகிறது. இடப்பக்கம் நிரல், வலப்பக்கம் அது வரையும் படம். குச்சிகளை மாறி மாறி எடுக்கும் 'நிம்' என்னும் ஆட்டமும் அதற்குள் உண்டு. லினக்ஸ் வைத்திருப்போர் 'பி.எஸ்.டி கேம்ஸ்' என்னும் தொகுதியைச் சேர்த்தால் குகை விளையாட்டும் பேர்க்ளியின் வேறு பழைய ஆட்டங்களும் வரும். கியூபேசிக் 64 பிற் விண்டோசில் நேரடியாக ஓடாது. பழைய தட்டு உங்களிடம் இருந்தால் டொஸ்பொக்ஸ் என்னும் இலவச மென்பொருளுக்குள் அது ஓடும். மாற்றங்கள் செய்யுமுன் கோப்பை இன்னொரு பெயரிற் பிரதி எடுத்து வையுங்கள். அழித்ததை முதலெழுத்தைச் சொல்லி மீட்கும் வசதி இப்போதைய கணனிகளில் இல்லை.

முதல் நாள் நீங்களும் பக்கத்தில் இருங்கள். உயர்தரத்திற் கணிதம் படித்தவர் என்று உங்கள் மனைவி எழுதியிருக்கிறார். 60 பாகையில் தொடங்கி, காற்றைக் காட்டும் அம்புக்குறியைப் பார்த்து வேகத்தைக் கூட்டிக் குறையுங்கள். முதல் இரண்டு பழங்களும் பெரும்பாலும் பக்கத்துக் கட்டடத்திலேதான் விழும். மகன் சிரிப்பான், சிரிக்கட்டும்.